கியர் எந்தப் பக்கம் தள்ளுகிறது? அச்சு விசையைக் கண்டுபிடித்துப் பெயாரிங் பூட்டும் முறை

மூன்று பேஸ் மோட்டர் ஒன்றை ரீவைண்ட் பண்ணக் கொடுத்து வாங்கித் திரும்பப் பூட்டும்போது வயர் இரண்டு இடம் மாறிவிட்டால் மோட்டர் மறுபக்கம் சுற்றும். பெயின்ட் கலக்கும் மெஷின் போல எந்தப் பக்கம் சுற்றினாலும் வேலை நடக்கிற இடமென்றால் அதை ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். உள்ளே இருக்கிற ஹெலிக்கல் (சாய்ந்த பல்) கியருக்கு மட்டும் தெரியும். அதுவரை இடது பக்கத்துப் பெரிய பெயாரிங்கில் சாய்ந்து நின்ற ஷாஃப்ட், இப்போது வலது பக்கம் போய் மோதும். அந்தப் பக்கம் ஒரு சேர்க்லிப் (காடியில் அமரும் வளையக் கிளிப்) மட்டும் இருந்தால், அதன் காடி தேயும், ஒயில் சீல் கசியும், கடைசியில் பெயாரிங் போகும். பழி பஞ்சிகாவத்தைக் கடைக்காரர் மேல் விழும்: "தந்தது டூப்ளிகேட் சாமான்."

பெயாரிங் நல்லதாகவே இருந்திருக்கும். ஷாஃப்டின் நீளவாக்கில் தள்ளுகிற விசையை, அதாவது பட்டறையில் 'த்ரஸ்ட்' என்கிற அச்சு விசையை, எந்தப் பக்கம் வருகிறது, எவ்வளவு வருகிறது என்று பார்க்காமல் பூட்டியதுதான் குறை. இந்த வழிகாட்டி அந்த இரண்டையும் கண்டுபிடிப்பது பற்றியது. ஒரு விசயத்தை முதலிலேயே மனதில் வைத்தால் மீதி எல்லாம் இலகு: அச்சு விசையின் திசையை முடிவு செய்வது பல்லின் எந்த முகம் சுமை தாங்குகிறது என்பதுதான். சுற்றும் திசையை மட்டும் வைத்துச் சொன்னால் பாதி இடங்களில் பிழைக்கும்.

தொடுவிசையிலிருந்து தொடங்க வேண்டும்

தொடுவிசை என்பது பல்லைச் சுற்றும் திசையில் தள்ளுகிற விசை. எந்தக் கியராக இருந்தாலும் முதல் இரண்டு கணக்கு ஒன்றுதான்.

முறுக்கு விசை (நியூட்டன் மீட்டர்) = 9550 × கிலோவாட் ÷ நிமிடத்துக்கு எத்தனை சுற்று

தொடுவிசை (நியூட்டன்) = 2 × முறுக்கு விசை ÷ கியரின் பிட்ச் விட்டம் (ஜோடிக் கியரோடு பல் பொருந்தி உருளும் வட்டத்தின் விட்டம், மீட்டரில்)

நம் நாட்டு 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் நாலு துருவ மோட்டர் சுமையோடு ஏறத்தாழ 1450 சுற்று ஓடும். 7.5 கிலோவாட் மோட்டர் என்றால் முறுக்கு விசை 49.4 நியூட்டன் மீட்டர். மோட்டர் பிளேட்டில் இருக்கிற இரண்டு எண் போதும், வேறு ஒன்றும் வேண்டாம். ஆனால் அடிக்கடி நின்று நின்று ஓடும் மெஷின், கல் உடைக்கிற மெஷின் போன்றவற்றில் உச்சச் சுமை இதைவிட இரண்டு மடங்குக்கும் மேலே போகும். அங்கே இந்த எண்ணை அப்படியே எடுத்துப் பெயாரிங்கைத் தெரிவு செய்யக் கூடாது.

நேர்ப் பல் உள்ள ஸ்பர் கியரில் அச்சு விசை இல்லை. பல் ஷாஃப்டுக்குச் சமாந்தரமாக இருப்பதால் பக்கவாட்டில் தள்ள அதற்கு வழியே கிடையாது. ஸ்பர் கியர் பூட்டிய ஷாஃப்ட் ஒன்று ஒரு பக்கமாகவே நகர்ந்துகொண்டு போகிறதென்றால் கியரைக் குறை சொல்லாமல், இரண்டு ஷாஃப்டும் சமாந்தரமாக இருக்கின்றனவா, இரண்டு ஷாஃப்டை முனையோடு முனை இணைக்கிற கப்ளிங் ஷாஃப்டைத் தள்ளுகிறதா என்று பாருங்கள். அனேகமாகக் கப்ளிங்தான்: இரண்டு பாதிக்கும் நடுவே இடைவெளி விடாமல் இறுக்கியிருப்பார்கள்.

ஹெலிக்கல் கியர்

அச்சு விசை = தொடுவிசை × டேன் (பல்லின் சாய்வுக் கோணம்)

மேலே சொன்ன மோட்டரில் 20 பல், மொடியூல் (பல்லின் அளவைச் சொல்லும் எண்) 3, சாய்வு 20 பாகை உள்ள பினியன் (ஜோடியில் சிறிய கியர்) ஒன்றைப் பூட்டியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பிட்ச் விட்டம் 20 × 3 ÷ கோஸ் 20 = 63.85 மி.மீ. இந்த 'கோஸ்' வகுத்தலை மறந்து 60 மி.மீ. என்று எடுப்பது பட்டறைகளில் தினமும் நடக்கிற பிழை. தொடுவிசை 1547 நியூட்டன், அச்சு விசை 563 நியூட்டன். கிலோவில் 57. ஒரு சீமெந்துப் பையை விடக் கொஞ்சம் கூடிய பாரம், ஷாஃப்டின் முனையில் ஓயாமல் சாய்ந்துகொண்டே இருக்கிறது.

அதே 20 பல்லை 15 பாகையில் வெட்டினால் 426 நியூட்டன். 30 பாகையில் 823. கோணம் கூடக் கூடச் சத்தம் குறையும், ஒரே நேரத்தில் கூடுதல் பற்கள் சுமையைப் பங்குபோடும். அந்தச் சுகத்துக்கு வாடகை கொடுப்பது பெயாரிங். சாதாரணக் கியர்பொக்ஸ்களில் கோணம் பெரும்பாலும் 30க்குக் கீழேயே நிற்பதற்குக் காரணம் இதுதான்.

திசைக்குக் கையே கருவி. கியரை மேசையில் படுக்க வையுங்கள், அதாவது துளை மேலே பார்க்க வேண்டும். எதிரே இருக்கிற பல் கீழிருந்து மேலே போகும்போது வலது பக்கம் சாய்ந்தால் வலது கைக் கியர், இடது பக்கம் சாய்ந்தால் இடது கை. கியரைத் தலைகீழாகத் திருப்பினாலும் விடை மாறாது. சந்தேகம் இருந்தால் திருப்பிப் பாருங்கள். இனி, ஓட்டுகிற கியர் வலது கை என்றால் உங்கள் வலது கையின் நாலு விரலையும் அது சுற்றும் திசையில் மடக்குங்கள். பெருவிரல் காட்டும் பக்கம் அந்தக் கியர் தள்ளப்படும். இடது கைக் கியருக்கு இடது கை. ஓட்டப்படுகிற கியர் நேர் எதிர்ப்பக்கம் தள்ளப்படும். ஓட்டுகிற கியருக்குத்தான் இந்த விதி. ஓட்டப்படுகிறதற்குக் கையைப் பிடித்துப் பார்த்தால் விடை தலைகீழாக வரும்.

அச்சு விசை ஷாஃப்டின் நடுவில் வருவதில்லை, பல்லில் வருகிறது. நடுக்கோட்டிலிருந்து 32 மி.மீ. தள்ளி. அதனால் ஷாஃப்டை நீளவாக்கில் தள்ளுவதோடு நெம்பவும் செய்யும். 563 நியூட்டன் × 0.032 மீட்டர் = 18 நியூட்டன் மீட்டர் நெம்பல். இரண்டு பெயாரிங்குக்கும் இடையே 120 மி.மீ. என்றால், ஒரு பெயாரிங்கில் 150 நியூட்டன் கூடும், மற்றதில் 150 குறையும். கூடுவது, கியர் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கத்துப் பெயாரிங்கில். ஷாஃப்டை அதே பெயாரிங்கிலேயே அச்சுத் திசையில் பிடித்து நிறுத்தியிருந்தால் இரண்டு பாரமும் ஒன்றின் தலையிலேயே ஏறும். புதிதாக ஒரு ஹவுசிங் செய்ய வாய்ப்புக் கிடைத்தால், பக்கச்சுமை (ஷாஃப்டுக்குக் குறுக்காக விழும் சுமை) குறைந்த முனைப் பெயாரிங்கை நிறுத்தும் பெயாரிங்காக வையுங்கள். மற்ற முனை ஹவுசிங்கில் சறுக்கும்படி இருக்கட்டும்.

இது எவ்வளவு பெரிய விசயம் என்பதற்கு 6206 என்ற எண்ணுள்ள 'போல்' (பந்து) பெயாரிங்கையே எடுப்போம். கட்டலொக்கில் அதன் இயங்கு சுமைத் தரம் 19.5 கிலோநியூட்டன், நிலைச் சுமைத் தரம் 11.2. நம் உதாரணத்தில் சுமை கூடிய பக்கத்துப் பெயாரிங்கின் பக்கச்சுமை சுமார் 895 நியூட்டன். அச்சு விசையைக் கணக்கில் எடுக்காவிட்டால் அதன் ஆயுள் ஒரு லட்சத்துப் பத்தொன்பதாயிரம் மணி நேரம் என்று வரும். 563 நியூட்டனையும் சேர்த்தால் சமானச் சுமை 0.56 × 895 + 1.71 × 563 = 1464 நியூட்டன் (0.56, 1.71 இரண்டும் கட்டலொக் தரும் பெருக்கும் எண்கள்). ஆயுள் 27,000 மணி நேரம். நாலில் ஒரு பங்கு கூட இல்லை. ஆனாலும் இரவு பகல் ஓடினாலும் மூன்று வருடம் தாங்கும். ஆகவே 'ஹெலிக்கல் என்றால் டேப்பர் (கூம்பு உருளை) பெயாரிங் கட்டாயம்' என்பது உண்மையில்லை. சிறிய பெட்டிகளில் போல் பெயாரிங்கே போதும். பொதுவாக அச்சு விசை அதன் நிலைச் சுமைத் தரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. சிறிய அளவு, மெல்லிய வரிசைப் பெயாரிங்குகளில் நாலில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

உடைந்த கியருக்கு மாற்றுச் செய்யும்போது

கொழும்பில் பழைய யந்திரக் கியருக்கு உதிரிப்பாகம் கிடைக்காதபோது ஒன்றை வெட்டித்தரச் சொல்லிப் பட்டறைக்குப் போவதுதான் வழக்கம். ஹெலிக்கலில் கெட்டுப்போகும் இடம் கோணம். அளக்க இலகுவான வழி: பல்லின் நுனிகளில் மை பூசி, வெள்ளைத் தாளின் மேல் ஒரு நேர் அளவுகோலை ஒட்டி நிறுத்தி, கியரின் பக்க முகம் அளவுகோலில் உரசிக்கொண்டு போகும்படி உருட்டுங்கள். தாளில் சாய்ந்த கோடுகள் விழும். அளவுகோலுக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அவை எவ்வளவு சாய்கின்றன என்று அளவிடுங்கள்.

அந்த எண்ணை அப்படியே கொடுத்துவிடாதீர்கள். தாளில் விழுந்தது பல் நுனியின் கோணம். வெட்டுவதற்கு வேண்டியது பிட்ச் விட்டத்தின் கோணம்.

டேன் (உண்மைக் கோணம்) = டேன் (தாளில் அளந்த கோணம்) × பிட்ச் விட்டம் ÷ வெளி விட்டம்

நம் பினியனில் வெளி விட்டம் 69.85 மி.மீ. தாளில் 21.7 பாகை விழும், உண்மையில் அது 20. இந்த 1.7 பாகையைக் கவனிக்காமல் வெட்டினால் புதிய கியரின் பல் பழைய ஜோடியோடு ஒரு ஓரத்தில் மட்டும் தொடும், சுமை முழுவதும் அந்த மூலையில் விழுந்து பல் நுனி உடையும். பிட்ச் விட்டம் முன்கூட்டியே தெரியாதே என்றால், இரண்டு ஷாஃப்டுக்கும் இடைப்பட்ட தூரத்தையும் பல் எண்ணிக்கைகளையும் வைத்துக் கண்டுபிடிக்கலாம்: பினியனின் பிட்ச் விட்டம் = 2 × இடைத்தூரம் × பினியன் பல் ÷ மொத்தப் பல். திருத்தம் கொடுக்காமல் வெட்டிய ஜோடிக்கு இது சரியாக வரும்.

ஹெலிக்கல் வெட்டும் வசதி இல்லாத இடத்தில் "ஸ்பர் ஆகவே வெட்டித் தருகிறோம், த்ரஸ்டும் இல்லை" என்பார்கள். அதே மொடியூல், அதே பல் எண்ணிக்கையில் ஸ்பர் வெட்டினால் விட்டம் குறைகிறது. இடைத்தூரம் மாறாததால் பற்களுக்கு இடையே ஆட்டம் விழும். ஜோடி இரண்டையும் மாற்றி, பல் எண்ணிக்கையைத் திரும்பக் கணக்குப் பார்த்தால் ஒழிய அந்த வேலைக்குச் சம்மதிக்க வேண்டாம்.

ஒரே ஷாஃப்டில் இரண்டு ஹெலிக்கல்

நடு ஷாஃப்டில் ஒரு பெரிய கியரும் ஒரு சிறிய பினியனும் இருக்கும். பெரியது ஓட்டப்படுவது, சிறியது ஓட்டுவது. இரண்டையும் ஒரே கையாக வைத்தால் அச்சு விசைகள் ஒன்றையொன்று எதிர்க்கும். எதிரெதிர்க் கையாக வைத்தால் இரண்டும் கூடி ஒரே பக்கம் தள்ளும். 'எதிர்க் கை வைத்தால்தானே எதிராகத் தள்ளும்' என்று மனம் சொல்லும். இங்கே மனம் சொல்வது பிழை. ஒன்று ஓட்டுவது, மற்றது ஓட்டப்படுவது என்பதால் சுமக்கும் பல் முகமே மாறிப்போயிருக்கிறது.

முழுவதும் சமன் ஆக வேண்டுமானால் டேன் கோணத்தை விட்டத்தால் வகுத்த எண் இரண்டுக்கும் ஒன்றாக வர வேண்டும். பெரிய கியர் 180 மி.மீ., 24 பாகை. பினியன் 60 மி.மீ. என்றால் பினியனுக்கு 8.4 பாகை. நடைமுறையில் அந்த அளவு துல்லியம் யாரும் பார்ப்பதில்லை, பாதிக்கு மேல் அடங்கினாலே பெயாரிங் சிறிதாகிவிடும்.

இடையில் சும்மா சுற்றும் ஐட்லர் கியரில் ஒரு பல்லின் ஒரு முகத்தில் ஓட்டுகிற கியர் அழுத்தும், மறுபக்கம் வரும்போது மற்ற முகத்தால் அது அடுத்த கியரை அழுத்தும். ஆகவே அச்சு விசை முற்றாகச் சமன். ஆனால் நெம்பல் சமன் ஆகாது, இரட்டிப்பாகும். ஓட்டோமெட்டிக் கியர்பொக்ஸின் பிளானட் கியர்களும் இதே கதைதான்: ஊசி பெயாரிங்கின் ஓரம் மட்டும் தேய்ந்து, பிளானட் சாய்ந்து ஓடும். நடுவில் உள்ள சன் கியரும் வெளியில் உள்ள ரிங் கியரும் எதிரெதிராகத் தள்ளப்படுவதால்தான் அந்தப் பெட்டிகளில் தட்டையான த்ரஸ்ட் வொஷர்களும் ஊசி த்ரஸ்ட் பெயாரிங்குகளும் அடுக்கடுக்காக வருகின்றன. கழற்றும்போது அவற்றின் வரிசையையும் முகத்தையும் போட்டோ எடுத்து வைக்காதவர் பூட்டும்போது வருந்துவார்.

அம்புமுனை போல் இரண்டு கையும் ஒரே கியரில் வெட்டிய இரட்டை ஹெலிக்கலில் இரண்டு பாதியும் ஒன்றை ஒன்று தள்ளி அடங்கிவிடும். சித்ரோவன் கார்களின் முத்திரையில் இருக்கிற இரண்டு அம்புமுனையும் இந்தப் பல்லின் வடிவம்தான். இங்கே செய்யக் கூடாத ஒரே காரியம், இரண்டு ஷாஃப்டையும் அச்சுத் திசையில் இறுக்கிப் பிடிப்பது. ஒன்றை மட்டும், வழக்கமாகப் பெரிய கியர் உள்ளதை, நிறுத்துங்கள். பினியன் ஷாஃப்டுக்கு இரு முனையிலும் என்.யூ. வகை உருளைப் பெயாரிங் போட்டு மிதக்க விடுங்கள், தன் இடத்தை அது தானே தேடிக்கொள்ளும். இரண்டையும் பிடித்தால் ஒரு பாதி மட்டும் முழுச் சுமையையும் தாங்கும். கிரீஸ் காய்ந்து சறுக்காமல் போன கப்ளிங் ஒன்றே இந்தக் கேட்டைச் செய்யப் போதும்.

பெவல் கியரும், கடுகண்ணாவை ஏறும் லொறியும்

நேர்ப் பல் பெவல் (கூம்பு வடிவ) கியரில் எந்தப் பக்கம் சுற்றினாலும், எந்தக் கியர் ஓட்டினாலும், இரண்டும் கூம்பின் முனையிலிருந்து விலகிப் பின்பக்கமே தள்ளப்படும். பல்லின் இரண்டு முகமும் ஒரே மாதிரி என்பதால் இதில் திசைச் சிக்கலே இல்லை. அச்சு விசை = தொடுவிசை × டேன் 20 × சைன் (கூம்புக் கோணம்). இந்த 20 பல்லின் அழுத்தக் கோணம், சாய்வு அல்ல. ஒன்றுக்கு ஒன்று விகிதத்தில் தொடுவிசையின் 26 சதவீதம். பினியனின் அச்சு விசைதான் பெரிய கியரின் பக்கச்சுமை, பினியனின் பக்கச்சுமைதான் பெரிய கியரின் அச்சு விசை.

சாய்ந்து வளைந்த பல் உள்ள ஸ்பைரல் பெவல் வேறு மாதிரி. மூன்றுக்கு ஒன்று விகிதம், 35 பாகைச் சாய்வு என்று வைத்துக் கணக்கிட்டால், பல்லின் உட்குழிந்த முகம் சுமக்கும்போது பினியன் தொடுவிசையின் 80 சதவீதத்தோடு வெளியே தள்ளப்படும். புடைத்த முகம் சுமக்கும்போது 52 சதவீதத்தோடு உள்ளே, பெரிய கியருக்குள் இழுக்கப்படும். நேர்ப் பல்லில் இதே விகிதத்துக்கு 12 சதவீதத்துக்கும் குறைவு. லொறி, பஸ்களின் டிபரன்ஷலில் இருப்பது பெரும்பாலும் இதன் உறவான ஹைப்பொயிட். அதில் பினியனின் சாய்வு இன்னும் கூட.

கண்டி வீதியில் சுமையோடு கடுகண்ணாவை ஏற்றத்தில் போகிற லொறியின் டிபரன்ஷலை நினைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் தள்ளுகிறது, பினியனின் உட்குழிந்த முகம் சுமக்கிறது, பினியன் ரிங் கியரை விட்டு விலகி முன்பக்கம் தள்ளப்படுகிறது. அந்தச் சுமை பினியன் தலைக்கு அடுத்துள்ள பெரிய டேப்பர் பெயாரிங்கில் விழும். திரும்பி இறங்கும்போது கியரில் விட்டு எஞ்சினால் பிடிக்கிறார்கள். ஷாஃப்ட் அதே பக்கம்தான் சுற்றுகிறது, ஆனால் இப்போது சில்லு எஞ்சினை ஓட்டுகிறது. பல்லின் மற்ற முகம் சுமக்கிறது, பினியன் ரிங் கியருக்குள் இழுக்கப்படுகிறது. அதைப் பிடித்து நிறுத்துவது பிளேஞ்ச் பக்கத்துச் சிறிய பெயாரிங் மட்டுமே.

ஆகவே ஏறும்போது மட்டும் இரைச்சல் என்றால் முதலில் பெரிய பெயாரிங்கையும் பல்லின் ஓட்டும் முகத்தையும் பாருங்கள். அக்ஸலரேட்டரில் இருந்து காலை எடுத்ததும் ஊளைச் சத்தம் வந்தால் சிறிய பெயாரிங், அல்லது பினியன் நட் தளர்ந்து முன்னிறுக்கம் (பூட்டும்போதே பெயாரிங்குக்குக் கொடுத்த இறுக்கம்) போயிருக்கிறது. இறுக்கம் போனால் ஒவ்வொரு முறை கால் எடுக்கும்போதும் பினியன் உள்ளே நகரும், பல் தொடும் இடம் மாறும். அந்த நிலையில் நட்டை மட்டும் இன்னும் ஒரு இழுப்பு இழுத்து விடுவது பலர் செய்கிற வேலை. உள்ளே நசுங்கும் ஸ்லீவ் இருக்கிற டிபரன்ஷலில் அது ஆபத்து: ஸ்லீவ் மேலும் நசுங்கி இறுக்கம் அளவுக்கு மிஞ்சிப் போனால், நட்டைத் திருப்பித் தளர்த்திச் சரிசெய்ய முடியாது. புது ஸ்லீவ்தான்.

முன்னிறுக்கத்தை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. ரிங் கியர் பூட்டாமல், பிளேஞ்சில் நூலைச் சுற்றி ஸ்பிரிங் தராசால் ஒரே சீராக இழுங்கள். சுற்ற ஆரம்பிக்கிற கணத்து எண்ணை விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டிருக்கும்போது காட்டுகிற எண்ணை எடுங்கள். 50 மி.மீ. ஆரத்தில் 3 கிலோ இழுத்தால் 1.47 நியூட்டன் மீட்டர். எவ்வளவு வேண்டும் என்பது அந்த வாகனத்தின் கையேட்டில் இருக்கும். பழைய பெயாரிங்கைத் திரும்பப் போட்டால் புதியதற்குச் சொன்னதை விடக் குறைத்தே வைக்க வேண்டும்.

வோர்ம் கியர்: மற்ற எல்லாவற்றையும் மிஞ்சியது

வோர்ம் என்பது திருகு போன்ற கியர், அது ஓட்டுகிற பல் சக்கரம் வீல். வோர்மின் அச்சு விசை என்பது வீலின் தொடுவிசைதான். மோட்டர் சிறிது என்று ஏமாறுவது இங்கேதான். 1.5 கிலோவாட், 1440 சுற்று, 40க்கு 1 விகிதம், 70 சதவீத வினைத்திறன் என்று எடுத்தால் வோர்மில் முறுக்கு விசை 9.95 நியூட்டன் மீட்டர், வீலில் 278. மொடியூல் 4, 40 பல் வீலின் விட்டம் 160 மி.மீ. ஆகவே வோர்மைத் தள்ளும் விசை 3480 நியூட்டன், ஏழு சீமெந்துப் பை. வோர்மின் சொந்தத் தொடுவிசை 500க்கும் குறைவு, வீலின் அச்சு விசையும் அதே அளவுதான். விரலை விடக் கொஞ்சம் தடித்த ஷாஃப்ட் ஒன்று ஏழு மூட்டையை முனையால் தாங்குகிறது. அதனால்தான் வோர்ம் ஷாஃப்டுக்கு டேப்பர் அல்லது அங்கியுலர் கொன்டாக்ட் பெயாரிங் வருகிறது. 'கடையில் இருந்தது இதுதான்' என்று போல் பெயாரிங் போட்ட பெட்டி சில மாதங்களில் திரும்ப வரும்.

திசைக்கு அதே கை விதி, வோர்ம் ஓட்டும்போது. ஆனால் பாரம் தூக்கும் மெஷினில் மறுபடியும் பல் முகத்தை யோசியுங்கள். தொங்கும் பாரம் வீலை எப்போதும் ஒரே பக்கம்தான் இழுக்கிறது. ஏற்றினாலும் இறக்கினாலும் சுமக்கும் முகம் ஒன்றே, ஆகவே வோர்ம் எப்போதும் ஒரே பக்கப் பெயாரிங்கில்தான் சாய்கிறது. அந்தப் பெயாரிங் மட்டும் போவது குறையல்ல, இயல்பு. பழைய கட்டடங்களின் வோர்ம் லிஃப்டில் இப்படி இல்லை. எதிர்ப்பாரம் வெறும் கூண்டை விடக் கனமானது. ஆள் நிறைந்த கூண்டோ எதிர்ப்பாரத்தை விடக் கனமானது. ஆகவே ஒரு நாளில் பலமுறை தள்ளும் திசை மாறும். முனை ஆட்டம் கொஞ்சம் கூடினாலும் கிளம்பும்போதும் நிற்கும்போதும் ஒரு 'டக்' கேட்கும்.

டேப்பர் இரண்டையும் பூட்டும்போது, மூடிகள் வெளியிலிருந்து வெளி வளையத்தை அழுத்துகிற வழக்கமான அமைப்பில், ரோலரின் தடித்த முனைகள் இரண்டும் உள்ளே, வோர்மைப் பார்க்க வேண்டும். முனை ஆட்டத்தை வைப்பது மூடிக்கு அடியில் உள்ள ஷிம் (மெல்லிய தகடு). டயல் கேஜை ஷாஃப்ட் முனையில் நிறுத்தி, இரு பக்கமும் தள்ளி இழுத்துப் படியுங்கள். தள்ளும்போது ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டே தள்ளினால்தான் ரோலர்கள் சரியாக அமரும்.

எவ்வளவு ஆட்டம்? பெட்டியின் கையேடு இருந்தால் அதில் உள்ளது. இல்லையென்றால் சூட்டைக் கணக்கிடுங்கள். உருக்கு ஒரு பாகைக்கு மீட்டருக்கு 0.012 மி.மீ. நீளும். பெயாரிங்குகளுக்கிடையே 300 மி.மீ., ஓடும்போது ஷாஃப்ட் ஹவுசிங்கை விட 20 பாகை சூடு என்றால் 0.07 மி.மீ. ஆட்டம் ஓடிப்போய்விடும். குளிர்ந்த நிலையில் ஆட்டமே இல்லாமல் இறுக்கினால், சூடேறியதும் பெயாரிங் தன்னைத்தானே நெரிக்கும். 0.07ஐ விடச் சற்றுக் கூடுதலாக விடுங்கள், அதற்கு மேல் விட்டால் வீலின் பல் தேயும்.

மூடிக்கு அடியில் ஷிம்முக்குப் பதிலாகக் காட்போர்ட் பேக்கிங் வெட்டி வைப்பது நம் ஊர்ப் பழக்கம். ஒயில் கசிவுக்கு அது போதும். ஆனால் 3480 நியூட்டன் தள்ளும் மூடிக்கு அது போதாது: நசுங்க நசுங்க ஆட்டம் கூடும். உலோக ஷிம் வைத்து, கசிவுக்கு மெல்லிய சீலன்ட் பூசுங்கள். வெண்கல வீல் உள்ள பெட்டிக்கு டிபரன்ஷல் ஒயில் மிஞ்சிக் கிடக்கிறதென்று ஊற்றாதீர்கள். ஜிஎல்-5 வகையில் உள்ள கந்தகச் சேர்க்கை சூட்டில் வெண்கலத்தைத் தின்னும். வோர்முக்கென்றே வரும் விஜி 460 அல்லது 680 தடிப்பு ஒயில்தான் சரி. எதைப் போடச் சொல்லிப் பெட்டியின் பிளேட்டில் இருக்கிறதோ அது முதலில்.

கழற்றிய பெயாரிங்கைப் படிப்பது

பழைய பெயாரிங்கை எறிவதற்கு முன் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். போல் பெயாரிங்கின் உள் வளையத்தில் பந்து ஓடிய மினுக்கத் தடம் நடுவில் இருந்தால் அச்சு விசை பெரிதாக இல்லை. ஒரு தோளை நோக்கி ஏறியிருந்தால், வெளி வளையத்தில் எதிர்த் தோளில் ஏறியிருக்கும். அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஷாஃப்ட் எந்தப் பக்கம் தள்ளப்பட்டது என்பது தெரிந்துவிடும். கழற்றும்போதே வளையத்தின் எந்த முகம் மோட்டர் பக்கம் இருந்தது என்று பெயின்ட் பேனாவால் குறிக்காவிட்டால் இந்தப் படிப்பு வீண். தடம் தோளின் விளிம்பையே தொட்டிருந்தால், அதே வகையைத் திரும்பப் போடுவதில் பயனில்லை.

இரண்டு தோளிலும் தடம் இருந்தால் திசை மாறி மாறி ஓடியிருக்கிறது. சறுக்க வேண்டிய பெயாரிங்கில் தோள் தடம் இருந்தால் அது ஹவுசிங்கில் சிக்கியிருந்தது: துளையில் துரு, அல்லது சுழலாமல் இருக்க யாரோ உளியால் புள்ளி குத்தி இறுக்கியிருப்பார்கள். சேர்க்லிப் காடியின் ஒரு சுவர் மட்டும் சாய்ந்திருந்தால், அந்தப் பக்கம் வராது என்று நினைத்த விசை வந்திருக்கிறது. என்.யூ. பெயாரிங் அச்சு விசை எதையும் தாங்காது, என்.ஜே. ஒரு பக்கம் மட்டும், என்.யூ.பி. இரு பக்கமும். எண் ஒன்றாக இருந்தாலும் முன் எழுத்து மாறினால் பெயாரிங்கின் வேலையே மாறும். கடைக்கு எழுதிக் கொடுக்கும் துண்டில் எழுத்தையும் சேர்த்து எழுதுங்கள், போனில் சொல்லி விடாதீர்கள்.

பூட்டி முடிந்ததும் கப்ளிங்கைச் சேர்க்காமல் மோட்டரை ஒரு செக்கன் மட்டும் போட்டு நிறுத்தி, சுற்றும் பக்கத்தைப் பாருங்கள். பழைய பக்கம்தானா என்று உறுதியானதும் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, ஹவுசிங்கின் மேல் அந்தத் திசையில் ஒரு அம்புக்குறி வரைந்து வையுங்கள். அடுத்த முறை மோட்டரைக் கழற்றி ரீவைண்டுக்குக் கொண்டுபோகிறவர் வேறு ஆளாக இருப்பார்.